அப்துல்லாஹ் என்றால் எந்த அப்துல்லாஹ்?

எங்கள் மத்ரஸாவில் இவ்வாண்டு ஒரே வகுப்பில் மூன்று அப்துல்லாஹ்கள் ஓதுகின்றனர். வருகைப் பதிவேட்டில் தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது போதவில்லை. உயரமானவன் ‘நெட்டை அப்துல்லாஹ்’. தந்தை மளிகைக் கடை வைத்திருப்பதால் இன்னொருவன் ‘கடை அப்துல்லாஹ்’. மூன்றாமவன் வெளியூர்ப் பிள்ளை, அவனுடைய ஊரின் பெயரே அவனுக்குப் பெயராகிவிட்டது. நம் மஹல்லாக்களில் பெரியவர்களையும் நாம் இப்படித்தானே பிரித்தறிகிறோம். திருமண அழைப்பிதழில் வீட்டுப் பெயர் இல்லாவிட்டால் மாப்பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்பது பாதி ஊருக்கு விளங்காது.

சென்ற மாதம் ஹதீஸ் கிதாபு ஓதிக்கொண்டிருந்தபோது ஓர் அறிவிப்பாளர் வரிசை வந்தது. இப்ராஹீம் அவர்கள் அல்கமாவிடமிருந்தும், அல்கமா அவர்கள் அப்துல்லாஹ்விடமிருந்தும் அறிவிக்கிறார்கள். தந்தை பெயர் இல்லை, வெறும் அப்துல்லாஹ். “யார் இவர்?” என்று கேட்டேன். கடை அப்துல்லாஹ் சற்றும் தயங்காமல், “இப்னு உமர் (ரலி)” என்றான். இல்லை என்றேன். அதற்கு அவன் கேட்ட மறுகேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். “ஹஜ்ரத், எந்த அப்துல்லாஹ்வாக இருந்தால் என்ன? எல்லாரும் ஸஹாபாக்கள்தானே?”

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நபித்தோழர்கள் அனைவரும் நம்பகமானவர்கள் என்பது அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத்தின் நிலைப்பாடு. எந்தத் தோழர் அறிவித்தார் என்று தெரியாமற்போவதால் மட்டும் ஒரு ஹதீஸ் பலவீனமாகிவிடாது. அவ்வளவில் அவன் சொன்னது சரி. எனினும் அவனை அங்கேயே விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆகவே அன்றைய மதீனாவில் இப்பெயர் பெருகியதில் வியப்பில்லை. நபித்தோழர்களில் மட்டும் சுமார் 220 பேர் அப்துல்லாஹ் என்ற பெயருடையோர் என்று ஹதீஸ் கலை மேதை இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) திமிஷ்கில் மறைந்த அவர்கள், தந்தை பெயரின்றி ‘அப்துல்லாஹ்’ என்று மட்டும் வந்தால் யாரைக் குறிக்கும் என்பதற்கு முன்னோர் சொல்லிவைத்த ஒரு வழியையும் பதிவு செய்திருக்கிறார்கள். மக்காவில் அப்துல்லாஹ் என்றால் இப்னுஸ் ஸுபைர். மதீனாவில் இப்னு உமர். கூஃபாவில் இப்னு மஸ்ஊத். பஸராவில் இப்னு அப்பாஸ். குராசானில் இப்னுல் முபாரக். ஊரைத் தெரிந்துகொண்டால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். அல்கமாவும் இப்ராஹீமும் கூஃபாவாசிகள். எனவே எங்கள் கிதாபில் வந்த அப்துல்லாஹ், இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள்.

இந்த ஐந்து ஊர்களையும் நான் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஆனால் எழுதும்போதே எனக்கு ஒன்று தோன்றியது. இது வெறும் பெயர்ப் பட்டியல் அன்று. ஒரே பெயரைச் சுமந்த ஐந்து பேர் ஐந்து ஊர்களில் ஐந்து விதமாக வாழ்ந்த வரலாறு அது.

முதலில் கூஃபாவின் அப்துல்லாஹ்வை எடுத்துக்கொள்வோம். மக்காவில் உக்பா பின் அபீ முஐத் என்பவனின் ஆடுகளை மேய்த்தவர் இப்னு மஸ்ஊத் (ரலி). பெரிய கோத்திர பலம் கிடையாது, உடலும் மெலிந்தது. நபி (ஸல்) அவர்களுக்குப் பிறகு மக்காவில் குறைஷிகளின் முன்னிலையில் குர்ஆனை முதன்முதலாக உரக்க ஓதியவர் அவரே. அதற்காக முகம் வீங்க அடி வாங்கினார். மதீனாவில் நபியவர்களின் காலணிகளையும் மிஸ்வாக்கையும் சுமக்கும் பணி அவருடையது. ஒருமுறை அவர் மரத்தில் ஏறியபோது, அவருடைய கால்களின் மெலிவைக் கண்டு தோழர்கள் சிரித்தார்கள். அக்கால்கள் மீஸானில் உஹது மலையைவிடக் கனமானவை என்று நபியவர்கள் அவர்களுக்கு உணர்த்தினார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் புதிதாக எழுந்த கூஃபா நகருக்கு ஆளுநராக அம்மார் (ரலி) அனுப்பப்பட்டபோது, ஆசிரியராகவும் பைத்துல் மாலின் பொறுப்பாளராகவும் உடன் சென்றவர் இப்னு மஸ்ஊத் (ரலி). அவரைத் தம்மிடமே வைத்துக்கொள்ள விரும்பியும் கூஃபாவாசிகளுக்காக விட்டுக்கொடுத்ததாக உமர் (ரலி) அவ்வூராருக்கு எழுதினார்கள். அந்த ஆசிரியரிடம் அல்கமா ஓதினார், அல்கமாவிடம் இப்ராஹீம் அந்நகஈ, அவரிடம் ஹம்மாத், ஹம்மாதிடம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). ஆடு மேய்த்த அந்த அப்துல்லாஹ் அமர்ந்து கற்பித்த இடத்திலிருந்தே ஹனஃபி மத்ஹபின் வேர் தொடங்குகிறது.

இவ்வளவு பெரியவர் இருந்தும், ‘நான்கு அப்துல்லாஹ்கள்’ என்று ஹதீஸ் கலையில் புகழ்பெற்ற பட்டியலில் அவர் இல்லை. இப்னு அப்பாஸ், இப்னு உமர், இப்னுஸ் ஸுபைர், இப்னு அம்ர் ஆகியோரே அந்நால்வர். இப்னு மஸ்ஊத் அவர்களில் ஒருவரா என்று கேட்கப்பட்டபோது, இல்லை என்றே இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) விடையளித்தார்கள். காரணத்தை இமாம் பைஹகீ (ரஹ்) விளக்குகிறார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) ஹிஜ்ரி 32இலேயே மறைந்துவிட்டார்கள். நால்வரோ நீண்ட காலம் வாழ்ந்து, மூத்த தோழர்கள் மறைந்த பிறகு மக்கள் தம் கல்வியை நாடிவரும் காலம்வரை இருந்தார்கள். ஒரு விஷயத்தில் அவர்கள் ஒத்துக்கொண்டால் ‘இது அப்துல்லாஹ்களின் கூற்று’ என்று சொல்லும் வழக்கம் உண்டாயிற்று.

நால்வரைப் பற்றிப் பேசுவதற்குமுன் அந்த மாணவனின் கேள்விக்குக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். தோழர்களுக்குக் கீழே உள்ள அறிவிப்பாளர்களில் பெயர் மாறினால் மார்க்கமே மாறிப்போகும் நிலை உண்டு. திமிஷ்கில் ஒரே காலத்தில் அப்துர் ரஹ்மான் பின் யஸீத் என்ற பெயரில் இருவர் இருந்தனர். தந்தையர் பெயரும் ஒன்றே. பாட்டனார் பெயர் மட்டும் வேறு. ஒருவர் இப்னு ஜாபிர், நம்பகமானவர். மற்றவர் இப்னு தமீம், பலவீனமானவர். கூஃபாவைச் சேர்ந்த சில அறிவிப்பாளர்கள் இப்னு தமீமிடம் கேட்ட செய்திகளை இப்னு ஜாபிரின் பெயரில் அறிவித்துவிட்டார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) போன்ற ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வேண்டுமென்று செய்ததன்று, பெயர் ஏமாற்றிவிட்டது. பாட்டனார் பெயரைக் கேட்டு வைக்காத ஒரு சிறு அலட்சியம், பலவீனமான செய்திக்குப் பலமான செய்தியின் ஆடையை உடுத்திவிட்டது. இதற்காகவே ஹதீஸ் கலையில் ‘முத்தஃபிக் வல் முஃப்தரிக்’ என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. எழுத்தாலும் உச்சரிப்பாலும் ஒன்றாகி, ஆளால் வேறுபடும் பெயர்களைப் பிரித்துக் காட்டுவது அதன் வேலை. ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) மறைந்த கதீபுல் பக்தாதீ (ரஹ்) இத்தலைப்பிலேயே பெரிய நூல் ஒன்றை எழுதினார்கள். அரபு யாப்பிலக்கணத்தை வகுத்த கலீல் பின் அஹ்மதின் பெயரிலேயே ஆறு பேரை இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) எண்ணிக் காட்டுகிறார்கள். அவர்களுள் காழிகளும் உண்டு.

இவ்வகைப் பிழைக்கு நானும் தப்பவில்லை. பல ஆண்டுகளுக்குமுன் ஒரு ஜும்ஆ பயானில், பாங்கைக் கனவில் கண்ட அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி) அவர்கள்தாம் பின்னாளில் யமாமா போரில் பொய்யன் முஸைலிமாவை வெட்டியவர் என்று உணர்ச்சி பொங்கப் பேசிவிட்டேன். தொழுகை முடிந்து எல்லாரும் முஸாஃபஹா செய்து கலைந்த பிறகு, ஓரத்தில் அமர்ந்திருந்த வயதான ஆலிம் ஒருவர் என்னை அழைத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, அவங்க ரெண்டு பேரு” என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டினேன். ஆம், இருவர். இருவரும் அன்ஸாரிகள், இருவரும் கஸ்ரஜ் கோத்திரத்தார், இருவரின் தந்தையும் ஸைத். பாங்குக் கனவு கண்டவர் அப்து ரப்பிஹியின் பேரர். முஸைலிமாவைக் கொன்றதில் வஹ்ஷீ (ரலி) அவர்களுடன் பங்கு கொண்டவர் ஆஸிமின் பேரர். வீரத்தாய் உம்மு உமாரா (ரலி) அவர்களின் மகன். நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்த முறையை நமக்கு அறிவித்தவரும் இவரே. முன்னவர் ஹிஜ்ரி 32இல் மறைந்தார். பின்னவர் ஹிஜ்ரி 63இல் ஹர்ரா படுகொலை நாளில் மதீனாவில் ஷஹீதானார்.

அடுத்த ஜும்ஆவில் மிம்பரில் நின்று என் தவறைச் சொல்லித் திருத்தினேன். எளிதாக இருக்கவில்லை. பிற்பாடு எனக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. மழைத் தொழுகை பற்றிய ஹதீஸை அறிவித்தவர் ஆஸிமின் பேரர். அவரைப் பாங்குக் கனவு கண்டவர் என்று கருதியவர் யார் தெரியுமா? இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் ஆசிரியரான ஸுஃப்யான் பின் உயைனா (ரஹ்)! இமாம் புகாரி தம் ஸஹீஹ் நூலிலேயே அதைச் சுட்டிக்காட்டி, அது பிழை என்று பதிந்துவைத்திருக்கிறார்கள். சுட்டியதால் ஸுஃப்யானின் தகுதி குறையவுமில்லை. அவருடைய தகுதியைக் கருதிப் பிழை மறைக்கப்படவுமில்லை.

இந்நாளில் நம் மத்ரஸாக்களிலும் இத்தகைய இரட்டைப் பெயர்கள் நாள்தோறும் எதிர்ப்படுகின்றன. ஷாஃபிஈ ஃபிக்ஹு வகுப்பில் ‘இப்னு ஹஜர்’ என்றால் ஹிஜ்ரி 974இல் மறைந்த ஹைதமீ (ரஹ்). ‘துஹ்ஃபா’ அவருடையது. ஹதீஸ் வகுப்பில் அதே பெயர் ஹிஜ்ரி 852இல் மறைந்த அஸ்கலானீ (ரஹ்) அவர்களைக் குறிக்கும். ‘ஃபத்ஹுல் பாரி’ அவருடையது. நாம் ஓதும் ‘ஃபத்ஹுல் முஈன்’ எழுதிய பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) ஒருவர். அவருடைய பாட்டனாரும் ஸைனுத்தீன் மக்தூமே, அவரும் நூலாசிரியரே. போர்த்துக்கீசியரின் அட்டூழியங்களைப் பதிவு செய்த ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ பேரருடையது. குர்துபாவின் இப்னு ருஷ்துகளும் இப்படியே. பாட்டனாரும் பேரரும் ஒரே பெயர், ஒரே குன்யத். இருவரும் அந்நகரின் காழிகள். பாட்டனார் மாலிகி ஃபிக்ஹின் தூண். பேரர் ஃபிக்ஹோடு தத்துவத்திலும் மருத்துவத்திலும் பெயர் பெற்றவர். ஒருவர் சொன்னதை மற்றவர் தலையில் கட்டிப் பேசும் பேச்சாளர்களை இன்றும் கேட்கிறோம்.

இனி நால்வருக்கு வருகிறேன். ஹதீஸ் நூல்களில் சொல்லப்படும் கணக்கின்படி இப்னு உமர் (ரலி) அறிவித்தவை 2630. இப்னு அப்பாஸ் (ரலி) 1660. இப்னு அம்ர் (ரலி) 700. இப்னுஸ் ஸுபைர் (ரலி) 33 மட்டுமே. எண்களே நால்வரின் நாள்கள் எங்கே கழிந்தன என்பதைப் பாதி சொல்லிவிடுகின்றன.

அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ், தந்தைக்கு முன்பே இஸ்லாத்தை ஏற்றவர். தந்தை எகிப்தை வென்ற படைத்தலைவர், அரசியல் நுட்பம் அறிந்தவர். மகனோ நாள் தவறாமல் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கியவர். அவரிடம் நபியவர்களே தலையிட்டு, உடலுக்கும் மனைவிக்கும் விருந்தினருக்கும் உரிமை உண்டு என்று உணர்த்தி, ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்கும் தாவூது நபியின் நோன்போடு நிறுத்தினார்கள். முதுமையில் உடல் தளர்ந்தபோது, அன்று நபியவர்கள் காட்டிய சலுகையை ஏற்றிருக்கலாமே என்று அவர் ஏங்கினார். ஆனாலும் ஒப்புக்கொண்டதை விடவில்லை. நபியவர்களிடம் கேட்டதையெல்லாம் எழுதி வைத்தவரும் அவரே. கோபத்திலும் மகிழ்ச்சியிலும் சொல்வதையெல்லாம் எழுதலாமா என்று குறைஷியர் சிலர் தடுக்க, அவர் நபியவர்களிடமே கேட்டார். தம் வாயைச் சுட்டிக்காட்டி, அதிலிருந்து உண்மையன்றி வேறொன்றும் வெளிவராது, எழுதும் என்று அனுமதித்தார்கள். அந்த ஏட்டுக்கு ‘ஸாதிகா’ என்று பெயர். தம்மைவிட அதிக ஹதீஸ் உள்ளவர் இவர் ஒருவரே, காரணம் இவர் எழுதினார், தாம் எழுதவில்லை என்று அபூஹுரைரா (ரலி) அவர்களே கூறியிருக்கிறார்கள். ஸிஃப்பீன் போருக்குத் தந்தையின் சொல்லைத் தட்ட முடியாமல் சென்றார்; வாளை உயர்த்தவில்லை. சென்றதற்காகவே வாழ்நாள் முழுதும் வருந்தினார்.

நபியவர்கள் மறைந்தபோது இப்னு அப்பாஸ் (ரலி) பதின்மூன்று வயதை ஒட்டிய சிறுவர். மார்க்கத்தில் விளக்கத்தைக் கொடுக்குமாறு நபியவர்கள் அவருக்காக துஆச் செய்திருந்தார்கள். அந்த துஆவை நம்பி வீட்டில் அமர்ந்திருக்கவில்லை அவர். ஹதீஸ் தெரிந்த அன்ஸாரித் தோழரின் வாசலுக்கு நண்பகலில் செல்வார். அவர் உறங்குகிறார் என்று தெரிந்தால் கதவைத் தட்டமாட்டார். மேலாடையைத் தலைக்கு வைத்து வாசலிலேயே படுத்திருப்பார். காற்று புழுதியை வாரி முகத்தில் இறைக்கும். நபியின் சிறிய தந்தை மகன் இப்படிக் கிடப்பதா, ஆளனுப்பினால் நானே வந்திருப்பேனே என்று வீட்டுக்காரர் பதறுவார். கல்விக்கு நாம்தான் வரவேண்டும் என்பார் இப்னு அப்பாஸ் (ரலி). அவரை உமர் (ரலி) பத்ரு ஸஹாபாக்களின் அவையில் அமர்த்தினார்கள். அலீ (ரலி) அவர்களின் ஆட்சியில் பஸராவின் ஆளுநரானார். காரிஜிய்யாக்களிடம் தனியே சென்று குர்ஆனைக் கொண்டே வாதிட்டார். 2000 பேர் அன்று திரும்பினர் என்று அறிவிப்பு உண்டு. இறுதிக் காலத்தில் கண்பார்வை போயிற்று. ஹிஜ்ரி 68இல் தாயிஃபில் மறைந்தார்.

தாயிஃபுக்கு அவர் சென்றதற்குப் பின்னால் இன்னோர் அப்துல்லாஹ் இருக்கிறார்.

ஹிஜ்ரத்துக்குப் பின் மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை இப்னுஸ் ஸுபைர் (ரலி). யூதர்கள் சூனியம் வைத்துவிட்டார்கள், இனி முஹாஜிர்களுக்குக் குழந்தை பிறக்காது என்று ஊரில் பேச்சிருந்தது. ஆகவே அவர் பிறந்தபோது மகிழ்ச்சி பெருகிற்று. நபியவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று அக்குழந்தையின் வாயில் வைத்தார்கள்; அவருடைய வயிற்றில் முதலில் சென்றது நபியவர்களின் உமிழ்நீர். தந்தை ஸுபைர் (ரலி), தாய் அஸ்மா (ரலி), பாட்டனார் அபூபக்ர் (ரலி), சிற்றன்னை ஆயிஷா (ரலி). ஹிஜ்ரி 64இல் யஸீத் இறந்தபின் மக்காவில் கலீஃபாவாக பைஅத் பெற்றார். ஹிஜாஸ் மட்டுமன்றி இராக்கும் அவர் ஆட்சியை ஏற்றது. முற்றுகையில் எரிந்து சிதைந்த கஅபாவை, ஆயிஷா (ரலி) வழியாகத் தாம் கேட்ட ஹதீஸின்படி, இப்ராஹீம் (அலை) அவர்களின் அஸ்திவாரத்தின்மீது இரண்டு வாசல்களுடன் கட்டினார். அவர் கொல்லப்பட்டபின் ஹஜ்ஜாஜ் அதை மாற்றிப் பழைய அமைப்புக்கே கொண்டுவந்தான். அதற்கு உத்தரவிட்ட அப்துல் மலிக், அந்த ஹதீஸ் உண்மை என்று பின்னர் அறிந்து, அப்படியே விட்டிருக்கலாமே என்று வருந்தினார். பின்வந்த ஓர் அப்பாஸிய கலீஃபா மீண்டும் மாற்ற எண்ணியபோது, அல்லாஹ்வின் வீட்டை அரசர்களின் விளையாட்டுப் பொருளாக்க வேண்டாம் என்று இமாம் மாலிக் (ரஹ்) தடுத்தார்கள்.

இந்த ஆட்சியை மற்ற அப்துல்லாஹ்கள் எப்படிப் பார்த்தார்கள்? இப்னு அப்பாஸ் (ரலி) அவருக்கு பைஅத் கொடுக்கவில்லை. மனத்தாங்கல் முற்றித் தாயிஃபுக்குச் சென்றுவிட்டார். ஆனால் இப்னுஸ் ஸுபைரின் தகுதி பற்றிப் பேச்சு வந்தபோது, அவருடைய தந்தை, தாய், பாட்டனார், சிற்றன்னை என்று ஒவ்வொரு சிறப்பாக எண்ணிச் சொல்லி, அவரோ இஸ்லாத்தில் பேணுதலுள்ளவர், குர்ஆன் ஓதுபவர் என்று முடித்தார். இது புகாரியிலேயே பதிவாகியுள்ளது. தம்மை வருத்தியவரைப் பற்றிப் பேசும்போது இந்த நிதானம் நம்மில் எத்தனை பேருக்கு வரும் என்று எண்ணிப்பார்க்கிறேன். ஊர் ஜமாஅத் தேர்தல் முடிந்து மூன்றாண்டுகள் ஆகியும் ஸலாம் சொல்லிக்கொள்ளாதவர்களை நான் அறிவேன்.

இப்னு உமர் (ரலி) வேறு வகையினர். உஹதுக்குப் பதினான்கு வயதில் வந்து திருப்பி அனுப்பப்பட்டு, அகழ்ப்போருக்குப் பதினைந்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர். ஆகவே அவரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது. நபியவர்கள் நிழலுக்கு அமர்ந்த மரம் பட்டுப்போகாதிருக்க நீரூற்றியவர். உஸ்மான் (ரலி) காழிப் பதவி கொடுத்தபோது வேண்டாமென்று விலகினார். கிலாஃபத் வாசலுக்கே வந்தபோதும், தமக்காக ஒரு முஸ்லிமின் இரத்தமும் சிந்துவதை ஏற்கவில்லை. இப்னுஸ் ஸுபைரின் காலத்துப் போரில் அவர் ஏன் சேரவில்லை என்று கேட்டவர்கள், குழப்பம் நீங்கும்வரை போரிடுங்கள் என்ற இறைவசனத்தை நினைவூட்டினார்கள். நாங்கள் குழப்பம் நீங்கும்வரை போரிட்டோம், நீங்களோ குழப்பம் உண்டாகும்வரை போரிட விரும்புகிறீர்கள் என்ற கருத்தில் அவர் விடையளித்தார். அறுபது ஆண்டுகள் ஃபத்வாவும் ஹதீஸுமாக மதீனாவில் வாழ்ந்தார்.

ஹிஜ்ரி 73இல் (கி.பி. 692) ஹஜ்ஜாஜின் படை மக்காவை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. எழுபதைக் கடந்த இப்னுஸ் ஸுபைரை அவர் ஆட்களே பலர் கைவிட்டனர். தாயிடம் ஆலோசனை கேட்டார். கண்பார்வை இழந்து முதிர்ந்திருந்த அஸ்மா (ரலி), சத்தியத்தில் இருப்பதாக நம்பினால் உறுதியாக நில் என்றார்கள். நின்றார், கொல்லப்பட்டார். உடலை ஹஜ்ஜாஜ் மதீனாச் சாலையின் கணவாயில் தொங்கவிட்டான். குறைஷியரும் மற்றவரும் அவ்வழியே கடந்துபோனார்கள். நின்று பேச யாருக்கும் துணிவில்லை. ஹஜ்ஜாஜின் ஒற்றர்கள் இருந்தார்கள்.

இப்னு உமர் (ரலி) வந்தார், நின்றார். அவருடைய குன்யத்தைச் சொல்லி, அபூ குபைபே, உம்மீது ஸலாம் என்று மும்முறை கூறினார். இதைவிட்டு நான் உம்மைத் தடுத்தேனே என்று மும்முறை கூறினார். பிறகு, நான் அறிந்தவரை நீர் அதிகம் நோன்பு நோற்பவர், அதிகம் நின்று வணங்குபவர், உறவைச் சேர்த்து வாழ்பவர் என்றார். உம்மையே தீயவராகக் கொண்ட சமுதாயம் உண்மையில் நல்ல சமுதாயமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடித்து நடந்தார். ஸஹீஹ் முஸ்லிமில் இந்நிகழ்ச்சி உள்ளது. அவருடைய வழி தவறு என்றே கடைசிவரை கருதினார். அதைச் சடலத்தின் முன்னும் மறைக்கவில்லை. அதற்காக அவருடைய நன்மைகளையும் மறைக்கவில்லை. செய்தி ஹஜ்ஜாஜை எட்டியது, உடல் இறக்கப்பட்டது.

அதன்பின் இப்னு உமர் (ரலி) அப்துல் மலிக்குக்கு பைஅத்தைக் கடிதத்தில் எழுதினார்கள். அதில் அவரை ‘அப்துல்லாஹ் அப்துல் மலிக்’ என்றே விளித்திருந்தார்கள். அங்கே அப்துல்லாஹ் என்பது பெயரன்று; அல்லாஹ்வின் அடிமை என்ற அடைமொழி. ஹஜ்ஜுக் கிரியைகளில் இப்னு உமருக்கு மாறு செய்யக் கூடாது என்று ஹஜ்ஜாஜுக்கு அந்த அப்துல் மலிக் எழுதியிருந்தார். ஆயினும் மினாவில், ஆயுதம் ஏந்தக் கூடாத நாளில், ஓர் ஈட்டி முனை இப்னு உமரின் பாதத்தில் பாய்ந்தது. நலம் கேட்க வந்த ஹஜ்ஜாஜ், யார் செய்தது என்று தெரிந்தால் தண்டிப்பேன் என்றான். ஆயுதத்தை இங்கே அனுமதித்த நீர்தான் என்றார் அவர். அந்தக் காயத்தோடு எண்பதைக் கடந்த வயதில் மக்காவில் மறைந்தார். போரை விட்டு ஒதுங்கியவரையும் ஆயுதம் தேடி வந்தது.

குராசானின் அப்துல்லாஹ், தோழர் அல்லர், பின்னால் வந்தவர். துருக்கியத் தந்தைக்கும் குவாரிஸ்மியத் தாய்க்கும் ஹிஜ்ரி 118இல் பிறந்த இப்னுல் முபாரக் (ரஹ்), மர்வு நகர வணிகர். ஹஜ்ஜுக்குப் புறப்படும் ஊராரின் பணத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டு, வழிச்செலவு முழுவதையும் தாமே செய்து, திரும்பியதும் பணத்தை அப்படியே கொடுத்துவிடுவாராம். ஷாமில் இரவல் வாங்கிய எழுதுகோலை மறந்து மர்வுக்குக் கொண்டுவந்து, அதைக் கொடுப்பதற்காகவே மீண்டும் ஷாமுக்குப் பயணம் செய்தார் என்பதும் நூல்களில் உள்ளது. ஓராண்டு ஹஜ், மறு ஆண்டு எல்லைப்போர் என்று வாழ்ந்து, ஹிஜ்ரி 181இல் போரிலிருந்து திரும்பும் வழியில் ஃபுராத் நதிக்கரை ஊரான ஹீத்தில் அடக்கமானார்.

இதையெல்லாம் இரண்டு நாள்களாக வகுப்பில் சொன்னேன். நெட்டை அப்துல்லாஹ் எழுந்தான். “ஹஜ்ரத், முனாஃபிக்குகளின் தலைவன் பெயரும் அப்துல்லாஹ்தானே?” வகுப்பு சிரித்தது. ஆம், அப்துல்லாஹ் பின் உபை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அவனுடைய மகன் பெயரும் அப்துல்லாஹ். முன்பு ஹுபாப் என்றிருந்த மகனின் பெயரை நபியவர்களே அப்துல்லாஹ் என்று மாற்றினார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மகன் பத்ரில் போரிட்டவர். பனூ முஸ்தலிக் போர்ப் பயணத்தில், மதீனாவுக்குத் திரும்பியதும் கண்ணியவான் இழிந்தவனை வெளியேற்றுவான் என்று தந்தை திமிராகப் பேசினான். ஊர் எல்லையில் மகன் வழிமறித்தார். நீரே இழிந்தவர், அல்லாஹ்வின் தூதரே கண்ணியமானவர் என்று ஒப்புக்கொள்ளும்வரை தந்தையை உள்ளே விடவில்லை. ஆனால் ஹிஜ்ரி 9இல் தந்தை இறந்தபோது, கஃபனிட நபியவர்களின் சட்டையைக் கேட்டு வந்து நின்றவரும் அதே மகன்தான். நபியவர்கள் கொடுத்தார்கள். மகன் யமாமாவில் ஷஹீதானார். ஒரே வீடு, ஒரே பெயர், ஒரே தஸ்தர்கானில் உணவு. வகுப்பில் சிரிப்பு நின்றுவிட்டது.

கடை அப்துல்லாஹ்வுக்கு நான் கொடுத்த விடை இதில் எதுவுமன்று. எங்கள் மத்ரஸாவில் ஹனஃபிப் பிள்ளைகளும் ஷாஃபிஈப் பிள்ளைகளும் சேர்ந்தே ஓதுகின்றனர். கடை அப்துல்லாஹ் ஷாஃபிஈ; வெளியூர் அப்துல்லாஹ் ஹனஃபி. இருவரையும் அத்தஹிய்யாத் ஓதச் சொன்னேன். முதலாமவன் ‘அல்முபாரகாத்’ என்ற சொல்லோடு ஓதினான். இரண்டாமவனின் ஓதலில் அச்சொல் இல்லை. “உன்னுடையது யார் வழியாக வந்தது?” என்று கேட்டேன். தெரியவில்லை. ஷாஃபிஈகள் ஓதுவது இப்னு அப்பாஸ் (ரலி) அறிவித்தது. ஹனஃபிகள் ஓதுவது இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்தது. நபியவர்கள் அவருடைய கையைத் தம் இரு கைகளுக்கிடையே வைத்துக்கொண்டு அதைக் கற்றுக்கொடுத்தார்கள்.

அன்று அஸ்ருத் தொழுகையில் இருவரும் ஒரே ஸஃப்பில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள்.